நாற்பத்தாறரை மணித்தியாலம்

கூட்டி முடித்த தரையில் ஒரு கால்தடம் மட்டும் மிச்சம் இருந்தது.

அம்மாக்கண்ணு முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மண் தரை, சாணம் மெழுகி ஒரு வாரம் ஆகிறது, மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிறது, விளக்குமாறு எங்காவது படாமல் போயிருக்கும் என்று நினைத்தாள். குனிந்து இன்னொரு இழுப்பு இழுத்தாள். சாம்பல் பறந்து மூக்கில் ஏறியது. தும்மிவிட்டுப் பார்த்தாள். வாசலுக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி, அடுப்புச் சாம்பலில் பதிந்த வலது பாதம், ஐந்து விரலும் குதிகாலும் கலையாமல் அப்படியே இருந்தது. பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். அது அவள் மகள் நாகலெட்சுமியின் கால்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் அந்தப் பெண் இந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டு இறங்கியபோது அவசரத்தில் சாம்பலை மிதித்துவிட்டுப் போன தடம் அது. இரண்டு நாளாக அம்மாக்கண்ணு அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தாள். தண்ணீர்க் குடம் இடுப்பில் இருக்கும்போதுகூட மிதிக்கவில்லை. அதனால் அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அது வாசலைப் பார்த்து இருந்த தடம். வெளியே போகிற கால் வேறு எப்படி இருக்கும்? இப்போது விரல்கள் அடுப்பைப் பார்த்து இருந்தன.

ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டில் எட்டு அடித்துக் கால்மணி ஆகியிருக்காது. காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு லயத்துச் சனமெல்லாம் மலைக்கு ஏறிவிட்டது. கைக்குழந்தைகள் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டன. பன்னிரண்டு காம்பரா வரிசையாய் நின்ற லயத்தில் பத்துக் கதவு சாத்திக் கிடந்தது. தை மாதத்துப் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, தேயிலைச் செடியை மூடி, யூக்கலிப்டஸ் மரத்தை இடுப்புவரை மூடி, லயத்து வாசலில் வந்து நின்றுகொண்டது. எங்கோ ஒரு பீலியில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"எவடி இவ, காலையில கண்ணு மங்கிப் போச்சா?" என்று தன்னையே திட்டிக்கொண்டு அம்மாக்கண்ணு தடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். கையில் சாம்பல் ஒட்டவில்லை. ஈரம் ஒட்டியது. ஐஸ் மாதிரி சில்லிட்ட ஈரம்.

அம்மாக்கண்ணு எதற்கும் பயந்தவள் இல்லை. ஒரு தடவை கங்காணி கையை ஓங்கியபோது, முதுகிலிருந்த கொழுந்துக் கூடையைக் கழற்றி அவன் காலடியில் கொட்டிவிட்டு, "அடிச்சுப் பாரு" என்று நின்றவள். நாகலெட்சுமியைத் தோட்டத்துத் துரையின் பெண்சாதி, துரைசாணி, தன் பிள்ளைக்கு ஆயாவாக லண்டனுக்குக் கூட்டிப் போகிறேன் என்றபோது, லயமே ஒன்றுகூடி வேண்டாம் என்றது. கடல் தாண்டிப் பொட்டச்சியை அனுப்புவாளா ஒருத்தி என்றார்கள். "இங்க வச்சு என்ன செய்யப்போறேன்? எங்கைய மாதிரி அவ கையும் கறுத்துப் போறதுக்கா?" என்று கேட்டவள் அவள்தான். தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை பறிபோய் எட்டொன்பது வருஷம். கொழும்பில் கடவுச்சீட்டுக் கந்தோர்க்காரன் அந்தப் பெண்ணைப் பார்த்து நீ எந்த நாட்டுக்காரி என்று கேட்டானாம். துரைதான் யார் யாரையோ பிடித்து ஒரு தாள் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தாளுக்காக அம்மாக்கண்ணு ஆறு மாதம் பங்களா வாசலில் நின்றாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பயம் உண்டு. பயணம் போனவர்கள் போய் இறங்கும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது. கூட்டினால் போனவரையே கூட்டித் தள்ளின மாதிரி. செத்த வீட்டில்தான் ஆளை எடுத்த கையோடு கூட்டிக் கழுவுவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு புருஷன் செல்லசாமி, தங்கச்சி கல்யாணத்துக்கென்று இந்தியாவுக்குக் கிளம்பியபோது, அவர் லயத்து வளைவு திரும்புமுன்னே இவள் விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். தடுத்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறப்போகும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவேயில்லை. அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனால் எப்போது போய் இறங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். லண்டனுக்கு ஆகாயக் கப்பலில் போனால்? யாருக்குத் தெரியும்? ஆபீஸ் கிளாக்கர் ஜோர்ஜிடம் போய்க் கேட்டாள். அவர் துரைசாணி வைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்து ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். செவ்வாய் பகல் மூன்று மணிக்கு, கொழும்புக்குப் பக்கத்தில், இரத்மலானையில் ஏறும். வியாழன் காலை எட்டு மணிக்கு லண்டனில் இறங்கும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மனதில் போட்டுக்கொண்டாள். வியாழன், காலை, எட்டு. இன்றைக்கு அதற்காகவே பெரட்டுக்குப் போகவில்லை. கூட்டி மெழுகிவிட்டுப் பகலுக்குமேல் போய் அரை நாள் கூலிக்கு அரைப்பேர் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

தண்டவாளத்தில் எட்டாவது அடி விழுந்ததும் விளக்குமாற்றை எடுத்தாள். இரண்டு நாள் குப்பையையும் முறத்தில் அள்ளி லயத்துக்குப் பின்னாலிருந்த குழியில் கொட்டினாள். திரும்பி வந்தால் இந்தத் தடம்.

"அக்கா..."

பக்கத்துக் காம்பராவிலிருந்து ராசம்மா கூப்பிட்டாள். பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகிறது. எழுந்து நடமாடுவதில்லை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டு. அந்த வழியாகத்தான் இரண்டு வீட்டுச் சங்கதியும் போய்வரும்.

"என்னடி?"

"நாகு வந்திருச்சாக்கா?"

அம்மாக்கண்ணு தடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல, இருமுற சத்தம் கேட்டுச்சு. அது மாதிரியே இருந்துச்சு. போன பயணம் கேன்சலாப் போச்சாக்கா?"

"வரலடி. நான்தான் தும்முனேன்."

"தும்மலா? சரிக்கா. ஆனா பேச்சுச் சத்தமும் கேட்டுச்சே."

அம்மாக்கண்ணு விளக்குமாற்றைக் கீழே போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கதவைச் சாத்திவிட்டு ஆபீசைப் பார்த்து ஓடினாள். மூட்டத்தில் பாதை இரண்டு முழத்துக்கு மேல் தெரியவில்லை. பழக்கமான பாதை, கால்களே போய்ச் சேர்த்தன.

கிளாக்கர் ஜோர்ஜ், ஆள் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மப்ளர். நல்ல மனுஷன், ஆனால் எதையும் கேட்டால்தான் சொல்வார். தனக்குத் தெரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

"என்ன அம்மாக்கண்ணு, இன்னிக்குப் பேர் போடலியா?"

"ஐயா, என் மக போய் எறங்கியிருப்பாளா?"

"அதுக்குள்ளயா?" அவர் சிரித்தார். "இன்னும் நேரம் கெடக்கே."

"எட்டு மணின்னு எழுதிக் குடுத்தீங்களே. எட்டு அடிச்சாச்சே."

"அட, அது லண்டன் மணி எட்டு. இங்க எட்டுன்னா அங்க எட்டா இருக்குமா? இங்க பொழுது விடிஞ்சு அஞ்சரை மணித்தியாலம் கழிச்சுத்தான் அங்க விடியும். நம்ம மணிக்குப் பார்த்தா ஒன்றரை. பகல் ஒன்றரைக்குத்தான் எறங்குவாங்க." அவர் விரல்விட்டு எண்ணினார். "மொத்தம் நாப்பத்தாறரை மணித்தியாலப் பயணம். சும்மாவா? நேர்கோடு போட்டாலே ஐயாயிரத்தைஞ்சூறு மைல். எறங்கி எறங்கி எண்ணெய் ஊத்திக்கிட்டுப் போறதால இன்னும் கூட."

நாற்பத்தொரு மணித்தியாலம் என்றுதான் அம்மாக்கண்ணு கணக்குப் பிடித்திருந்தாள். பகலையும் இரவையும் தண்டவாள அடியில் எண்ணி எண்ணிப் பார்த்த கணக்கு.

"நீங்க சொல்லலியே ஐயா."

"நீ கேக்கலியே."

அவள் சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்தாள். "இப்ப என் மக எங்க இருக்கா?"

ஜோர்ஜ் எழுந்து போய் விரலை வைத்தார். விரல் ஒரு மலைக்கும் ஒரு கடலுக்கும் நடுவே வெறும் இடத்தில் நின்றது. "இங்க எங்கயாவது. கடைசி ஓட்டம். அங்க இப்ப இருட்டு. பின்னிரவு மூணு மணி இருக்கும். ஏன், என்ன முகம் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் படியிறங்கி நடந்தாள். மகள் இருட்டில், காலுக்குக் கீழே தரையில்லாமல், அத்தனை உயரத்தில் இருக்கும்போது இவள் கூட்டித் தள்ளியிருக்கிறாள். அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. மணிமேல் கோபம், கிளாக்கர்மேல் கோபம், இத்தனை மைல் தூரத்தை வைத்த ஆண்டவன்மேல் கோபம். ஒருதரம் எடுத்துக்கொண்டது போதும். இரண்டாவது தரம் அவ்வளவு லேசில் கொடுக்கமாட்டாள்.

குப்பைக் குழிக்குப் போனாள். மேலாகக் கிடந்த தன் வீட்டுக் குப்பையைக் கையாலேயே அள்ளி முறத்தில் போட்டாள். சாம்பல், வெங்காயத் தோல், நாகு தலைவாரி உதிர்ந்த முடிச்சுருள், அவள் ரவிக்கையிலிருந்து விழுந்த கறுப்பு ஊசி. ஒன்று விடவில்லை. காம்பராக் கதவைத் திறந்து, வாசலில் நின்று, உள்ளே தரை முழுக்க வீசி எறிந்தாள்.

"கூட்டுனவ நான். கொட்டுறவளும் நான்தான்," என்றாள் சத்தமாக. "நான் கூட்டலன்னு வச்சுக்க."

யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்ன பிறகு தைரியம் வந்தது. வாசல் நிலையில், உள்ளே பார்த்தபடி, விளக்குமாற்றை மடியில் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணிவரை இந்தத் தரையில் யார் கையும் படவிடப்போவதில்லை.

ஒன்பது அடித்தது. பத்து அடித்தது. பனி வெளுக்கவேயில்லை. முதுகில் குளிர் ஏறியது. உள்ளே அடுப்பு அணைந்து கிடந்தது. புகை படிந்த சுவரும், கம்பியில் தொங்கிய கம்பளியும், அடுப்போரம் நாகு எப்போதும் உட்காரும் பலகைக்கட்டையும் அரை வெளிச்சத்தில் தெரிந்தன. சோம்பேறிக் கழுதை. காலையில் அந்தக் கட்டையில் குந்திக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பாள். இவள் கூட்டிக்கொண்டு கிட்டே வந்தால் எழுந்திருக்க மாட்டாள். இரண்டு காலையும் ஒன்றாக மேலே தூக்கிக்கொள்வாள், நீ அடியில் கூட்டிக்கொள் என்பது போல. இவள் விளக்குமாற்றால் கணுக்காலில் ஒரு தட்டு தட்டுவாள். தினமும் இதே கூத்து.

பதினொன்று அடித்தபோது இரண்டாவது தடம் விழுந்தது.

விழுவதை அவள் பார்த்தாள். பரப்பிக் கிடந்த சாம்பல் ஓரிடத்தில் மெதுவாக அமுங்கியது. குதிகால் முதலில், பிறகு விரல்கள். இடது பாதம். முதல் தடம் இருந்த இடத்துக்கு ஒரு எட்டு முன்னால். அடுப்பைப் பார்த்து.

ராசம்மாவின் குழந்தை அழுதது. அடங்கியது.

அம்மாக்கண்ணுவுக்கு ஓட வேண்டும் என்று கால் சொன்னது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை. பனி ஈரம் ஏறிய மண் தரையின் வாசத்தோடு வேறு ஒரு வாசம் கலந்து வந்தது. இரும்பு வாசம். மழைக்குமுன் வரும் காற்றின் வாசம். உயரத்திலிருந்து வருகிற வாசம்.

"அம்மா."

நாகுவின் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. காய்ச்சல் வந்தால் அவள் இப்படித்தான் மெலிவாகக் கூப்பிடுவாள்.

"குளிருதும்மா. அடுப்பப் பத்த வையி."

பெற்ற வயிறு அந்தக் குரலுக்கு எழுந்து ஓடத்தான் பார்த்தது. விளக்குமாற்றின் ஈர்க்குகளை உள்ளங்கையில் குத்தும்படி இறுக்கிப் பிடித்தாள்.

"நான் வந்துட்டேம்மா. வான்னு சொல்லு."

மலையகத்துச் சனம் வாசலில் நிற்கிறவரை வா என்று சொல்லாமல் விடாது. கஞ்சிக்கு வழி இல்லாவிட்டாலும் வாயால் வா என்று சொல்லிவிடும். அந்த ஒரு சொல் சொன்னால்தான் வந்தவர் வந்தவராவார். அம்மாக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. இங்கே வா என்று சொன்னால் மகள் இங்கே வந்தவள் ஆகிவிடுவாள். அங்கே போய் இறங்கமாட்டாள்.

"சொல்லமாட்டேன்," என்றாள்.

"அம்மா, நாந்தாம்மா. நாகு."

"என் மக ஆகாசத்துல போய்க்கிட்டு இருக்கா. அவ காலு இன்னும் தரையில படல. ஒனக்கு எப்புடிடி கால்தடம் வந்துச்சு?"

சாம்பலில் மூன்றாவது தடம் அமுங்கியது. நான்காவது. அடுப்புக்கு இன்னும் இரண்டு எட்டுத்தான்.

சுவருக்கு அப்பாலிருந்து ராசம்மா நடுங்கிப்போய்க் கேட்டாள். "அக்கா, ஏங்க்கா புள்ளைய உள்ள கூப்பிடாம நிக்க வச்சிருக்கீங்க? பாவம், குளிருதுன்னுதே."

"நீ வாய மூடிக்கிட்டுப் படு. யாரையும் வான்னு சொல்லாத. ஒன் புள்ளைமேல ஆண."

பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டு அடியையும் உதடசைத்து எண்ணினாள். இனிமேல்தான் வில்லங்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தண்டவாளத்தில் முழு மணிக்கு எத்தனை மணியோ அத்தனை அடி. அரைமணிக்கு ஒற்றை அடி. பன்னிரண்டரைக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று. மூன்றும் ஒரே மாதிரி. ஒருதரம் மணியை நம்பி மோசம்போனது போதும். கைக்கெட்டிய கூடையிலிருந்து மூன்று காய்ந்த மிளகாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஓர் அடிக்கு ஒரு மிளகாய் வெளியே போகும். மூன்றும் போனபிறகுதான் எழுந்திருப்பாள்.

முதல் அடி. ஒரு மிளகாயைப் பின்னால் எறிந்தாள்.

மூட்டம் வாசலுக்குள் நுழைந்தது. அவள் தோளைத் தாண்டிக் காம்பராவுக்குள் போனது. கம்பளி தெரியவில்லை. சுவர் தெரியவில்லை. அடுப்பு மட்டும் தெரிந்தது. பலகைக்கட்டை தெரிந்தது.

"மேல ரொம்ப இருட்டா இருந்துச்சும்மா," என்றது குரல். இப்போது அழுகையில்லை. சும்மா கதை சொல்கிற மாதிரி. "நீ கூட்டுன சத்தம் கேட்டுச்சு. சரக் சரக்குன்னு. அம்மா கூட்டுதேன்னு எறங்கி வந்துட்டேன்."

அம்மாக்கண்ணு அழுதாள். கண்ணீரைத் துடைக்கவில்லை. கையை எடுத்தால் விளக்குமாறு கீழே விழும்.

"தெரியாமக் கூட்டிட்டேன்டி. தப்புத்தான். அதுக்கு என் உசுர எடுத்துக்க. அவளப் போகவிடு."

"எனக்கு நீ வான்னு சொன்னாப் போதும்."

இரண்டாவது அடி. இரண்டாவது மிளகாய்.

கொஞ்ச நேரம்தான்.

டங்.

மூன்றாவது மிளகாயை எடுத்துவிட்டாள். எறியக் கையை ஓங்கிவிட்டாள். கை அப்படியே நின்றது. ஆபீஸ் இருப்பது முதுகுப்பக்கம். இந்தச் சத்தம் முன்னாலிருந்து வந்தது. காம்பராவுக்குள்ளிருந்து. அடுப்போரத்திலிருந்த பித்தளைச் செம்பு இன்னும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஒன்றரை ஆயிடுச்சும்மா. எறங்கியாச்சு. இனிக் கூட்டலாம். இனி வான்னு சொல்லலாம்."

"அடி திருடி," என்றாள் அம்மாக்கண்ணு. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "கங்காணி களவா அரைப்பேரு போடுறதயே கண்டுபுடிக்கிறவ நான். எங்கிட்டயா?"

மிளகாயை மடியில் திரும்ப வைத்தாள்.

தடங்கள் அடுப்பிலிருந்து திரும்பின. அவளைப் பார்த்து.

ஒன்று.

இன்னொன்று.

அவள் கால்மாட்டில் சாம்பல் அமுங்கியது. முகத்தில் ஒரு மூச்சுப் பட்டது. பனிக்கட்டியின் மூச்சு. ஒரு குளிர்ந்த விரல் அவள் கீழுதட்டைத் தொட்டது. அந்த ஒரு சொல்லைத் திறந்து எடுக்கப் பார்ப்பது போல.

வாயை இறுக மூடினாள். கண்ணை மூடவில்லை.

முதுகுக்குப் பின்னால், மூட்டத்துக்கு அப்பால், தூரத்தில், தண்டவாளத்தில் ஒற்றை அடி விழுந்தது.

மூச்சு நின்றது. விரல் எடுபட்டது. செம்பின் அதிர்வும் அடங்கியது. கடைசி மிளகாயை எறிந்துவிட்டு அம்மாக்கண்ணு அப்படியே நிலையில் சாய்ந்தாள். எவ்வளவு நேரம் சாய்ந்திருந்தாள் என்று தெரியாது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்பும் பேச்சுச் சத்தம் கேட்டபோது மூட்டம் கலைந்து வெயில் வந்திருந்தது.

அவள் அப்போதும் கூட்டவில்லை. இனி எவர் சொல்லும் மணியையும் நம்புவதாக இல்லை. அங்கிருந்து தந்தி வரட்டும், அதன் பிறகு கூட்டலாம். அன்று ராத்திரி சாம்பலுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவே பாயை விரித்துப் படுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வெயில் பளீரென்று அடித்தது. லயத்துப் பாதையில் கிளாக்கர் ஜோர்ஜ் ஒரு தாளை ஆட்டிக்கொண்டே வந்தார். அவர் லயத்துப் பக்கம் வருவதே அபூர்வம்.

"அம்மாக்கண்ணு! தந்தி! தொரசாணி ஆபீசுக்கு அடிச்சிருக்காங்க. எல்லாரும் சொகமா எறங்கியாச்சாம். ஒன் மக பேரையும் போட்டிருக்கு, பாரு. நாகலெட்சுமி சொகம்."

"எறங்கிட்டாளா? என் மக எறங்கிட்டாளா ஐயா?"

"எறங்கி ஒரு நாள் ஆச்சு. இந்நேரம் அந்த ஊரு ரொட்டி தின்னுக்கிட்டு இருப்பா."

அம்மாக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தாள், அழுதாள், அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவ்வளவு பெரிய சேதி கொண்டுவந்த மனுஷனை வெயிலில் நிற்க வைத்திருக்கிறோமே என்று பதறிப்போய், கதவை அகலத் தள்ளி, ஒதுங்கி நின்றாள்.

"வாங்க, உள்ள வாங்க. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"இல்ல இல்ல, செக்ரோல் கெடக்கு," என்று கையைக் காட்டிவிட்டு ஜோர்ஜ் வந்த வழியே திரும்பிப் போனார்.

அவர் வளைவு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு உள்ளே போய்த் தந்தியைச் சாமிபடத்துக்குக் கீழே செருகினாள். விளக்குமாற்றை எடுத்தாள். வெயில் வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்குக் காம்பரா இருட்டாக இருந்தது. குனிந்தபடி மூலையிலிருந்து தொடங்கினாள். சரக், சரக். நாகுவைத் தூங்கவைக்கப் பாடும் பாட்டு ஒன்று வாயில் தானாக வந்தது. தடம் எல்லாம் இந்தத் தரம் ஒழுங்காக அழிந்தது. சாம்பலைத் தள்ளிக்கொண்டே அடுப்போரம் வந்தாள். தலை நிமிரவில்லை.

பலகைக்கட்டைக்குக் கீழே இரண்டு கால்கள் இருந்தன.

விளக்குமாறு கிட்டே போனதும் அவை இரண்டும் ஒன்றாக மேலே எழும்பின. நீ அடியில் கூட்டிக்கொள் என்பது போல.

பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். உள்ளங்காலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

'உள்ள வாங்க' என்று தான் சொன்னது அப்போதுதான் அம்மாக்கண்ணுவுக்கு நினைவு வந்தது. ஐயா உள்ளே வரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. குனிந்தபடியே பேசினாள்.

"என் மக போய் எறங்கிட்டா. தந்தி வந்திருச்சு. நீ யாரா வேணும்னா இரு."

விளக்குமாற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தூக்கியிருந்த அந்தக் கால்களுக்கு அடியிலும் விட்டுக் கூட்டினாள். ஒரு இழுப்பு. இரண்டு இழுப்பு. ஒரு துரும்பு மிச்சமில்லாமல்.

அவள் கூட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்த இரண்டு கால்களும் சுத்தமான தரையில் மெதுவாக இறங்கி ஊன்றிக்கொண்டன.